போத்தலைப் பார்க்கிறோம், சட்டியைப் பார்க்கிறோமா?

"பாக்கெட் எண்ணெயை இன்றைக்கே குப்பையில் போடுங்கள். அது எண்ணெய் இல்லை, விஷம்!"

இப்படித் தொடங்கும் ஒரு குரல் பதிவு, நான் இருக்கும் எல்லாக் குடும்பப் புலனக் குழுக்களுக்கும் வந்துவிட்டது. சில குழுக்களில் மூன்று முறை. பேசுபவர் யாரென்று தெரியாது, எந்த ஊரென்றும் தெரியாது. ஆனால் குரலில் அப்படியோர் உறுதி. சுத்திகரித்த எண்ணெயில் பெட்ரோல் சேர்க்கிறார்கள், பிளீச் ஊற்றுகிறார்கள், மாரடைப்புக்கு அதுதான் காரணம், செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டால் மாத்திரையே தேவைப்படாது என்று இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்.

குரலை வைத்துப் பிழைப்பவன் நான். ஒலிவாங்கிக்கு முன்னால் தயங்காமல் பேசுகிறவரை மக்கள் எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பதிவில் மற்றதைவிட அதன் கடைசி வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது.

அந்தக் கவலை வீண்போகவில்லை. காலை நிகழ்ச்சியில் சமையல் எண்ணெய் பற்றிப் பேசிய ஒருநாள், கிள்ளானிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். ஒலிபரப்பில் பேச விருப்பமில்லை, தனியாகக் கேட்க வேண்டும் என்றார்.

"தம்பி, என் வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க. இப்ப நாங்க செக்குத் தேங்காய் எண்ணெய்தான் வாங்குறோம். அதனால அவரு கொலஸ்ட்ரால் மாத்திரைய நிறுத்திட்டாரு. சரிதானே?"

சரியில்லை. மாத்திரையை நிறுத்தலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அதை எழுதிக் கொடுத்த மருத்துவர். இன்றைக்கே அவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னேன். ஆனால் அவர் கேட்டதற்குப் பின்னால் இன்னும் பல கேள்விகள் இருந்தன. தொழிற்சாலையில் எண்ணெய்க்கு என்னதான் நடக்கிறது? செக்கு எண்ணெய் உண்மையிலேயே வேறா? நம் குடும்பங்கள் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம்?

சிவப்பு எண்ணெய் பொன்னிறமாவது எப்படி?

நம் நாட்டில் செம்பனை வர்த்தகப் பயிரான கதை 1917இல் தொடங்குகிறது. கோல சிலாங்கூர் பகுதியில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் அது முதன்முதலில் வணிக நோக்கில் நடப்பட்டது. தோட்டத்தின் பெயரைக் கேட்டால் தென்னைதான் நினைவுக்கு வரும். ஆனால் தென்னையின் எண்ணெயை நம் சமையலறையிலிருந்து ஓரங்கட்டிய மரம் அங்கேதான் வேரூன்றியது. அந்தப் பழக்குலைகளை வெட்டிச் சுமந்தவர்களில் நம் தாத்தா பாட்டிகளும் உண்டு.

செம்பனைப் பழத்தை நீராவியில் வேகவைத்து, இயந்திரத்தில் அழுத்திப் பிழிந்தால் ஆரஞ்சுச் சிவப்பில் எண்ணெய் வரும். அந்த நிறம் கரோட்டினின் நிறம். கேரட்டில் இருப்பதும் அதுதான். அதற்குப் பிறகுதான் சுத்திகரிப்பு. முதலில் பிசின் போன்ற பொருள்களை அகற்றுகிறார்கள். அடுத்து, நிறத்தையும் கசடையும் உறிஞ்சிக்கொள்ளும் ஒருவகைக் களிமண்ணோடு கலந்து வடிகட்டுகிறார்கள். இதற்குத்தான் ஆங்கிலத்தில் 'பிளீச்சிங்' என்று பெயர். துணி துவைக்கும் பிளீச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடைசியாக, காற்றை வெளியேற்றிய கலனில் ஏறக்குறைய 240 முதல் 260 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவி செலுத்தி, வாடையையும் புளிப்பையும் போக்குகிறார்கள். உறையும் பகுதியைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் பொன்னிற எண்ணெய்தான் நம் பாக்கெட்டுக்கு வருகிறது.

பெட்ரோல் கதை எங்கிருந்து வந்தது? சோயா, சூரியகாந்தி, கனோலா போன்ற விதைகளிலிருந்து எண்ணெயை முழுமையாக எடுக்க, ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்துவது உண்டு. அது பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது. எண்ணெய் எடுத்தபின் அதைச் சூடாக்கி ஆவியாக்கிப் பிரித்துவிடுவார்கள். செம்பனைப் பழத்துக்கோ இந்த வேலையே தேவையில்லை. பிழிந்தாலே எண்ணெய் வந்துவிடும். பாக்கெட் செம்பனை எண்ணெயில் பெட்ரோல் என்பது வெறும் கதை.

தொழிற்சாலையை நோக்கிக் கேட்க வேண்டியது

அப்படியானால் சுத்திகரிப்பில் ஒரு குறையும் இல்லையா? இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் பதிவில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

தாவர எண்ணெயை 200 பாகைக்கு மேல் சூடாக்கும்போது கிளைசிடைல் எஸ்டர், 3-எம்சிபிடி எஸ்டர் என்ற இரண்டு வகைப் பொருள்கள் உருவாகின்றன. கிளைசிடைல் எஸ்டர் நம் வயிற்றில் செரிக்கும்போது கிளைசிடோலாக மாறும். மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2000இல் வகைப்படுத்திய பொருள் அது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டில், இந்தப் பொருள்கள் மிக அதிகமாகக் காணப்பட்டது செம்பனை எண்ணெயில்தான். முக்கியமாக, பால்மாவு மட்டுமே குடிக்கும் கைக்குழந்தைகளைப் பற்றி அது கவலை தெரிவித்தது.

அதன் பிறகு என்ன நடந்தது என்பது இன்னும் முக்கியம். ஒரு கிலோ எண்ணெயில் கிளைசிடைல் எஸ்டர் 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் விதித்தது. செம்பனை எண்ணெயில் 3-எம்சிபிடிக்கு ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்ற வரம்பு 2021 தொடக்கத்தில் நடப்புக்கு வந்தது. பழத்தை விரைவாக ஆலைக்குக் கொண்டுசேர்ப்பது, சுத்திகரிக்குமுன் எண்ணெயை நீரில் கழுவிக் குளோரினைக் குறைப்பது, கடைசிக் கட்டத்தில் வெப்பத்தைத் தணிப்பது எனப் பல வழிகளில் இந்த அளவுகளைக் குறைக்க முடியும். 2010க்கும் 2015க்கும் இடையில் செம்பனை எண்ணெயில் கிளைசிடைல் எஸ்டர் பாதியாகக் குறைந்திருந்ததை அதே ஐரோப்பிய அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. தொழில்துறை மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே, பயனீட்டாளர்களாக நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: கிள்ளான் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் எண்ணெய்க்குப் பார்க்கும் அதே அக்கறையோடு, நம் தாமான் மளிகைக் கடைக்கு வரும் பாக்கெட்டும் பரிசோதிக்கப்படுகிறதா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அமைச்சும் வாரியமும் உற்பத்தியாளர்களும்தான். பாக்கெட் வாங்கும் அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் பயனில்லை.

செக்கு எண்ணெய்: சுவை வேறு, மருந்து வேறு

பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் இப்போது மரச்செக்கு எண்ணெய்க்குத் தனி அலமாரியே வைத்துவிட்டார்கள். செக்கு நல்லெண்ணெயின் மணத்துக்கு நானும் அடிமைதான். இட்லிப் பொடிக்கு வேறு எதையும் ஊற்ற மனம் வராது. எள்ளுக்கே உரிய சில இயற்கைப் பொருள்கள் அது சீக்கிரம் கெட்டுப்போகாமல் காக்கின்றன. இதெல்லாம் உண்மை.

ஆனால் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் கொழுப்பின் குணம் மாறுவதில்லை. எண்ணெயில் நிறைகொழுப்பு எவ்வளவு என்பதுதான் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லின் மீது பெரிய தாக்கம் ஏற்படுத்துகிறது. தேங்காய் எண்ணெயில் அது ஏறக்குறைய 90 விழுக்காடு. செம்பனை எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி. கடலை எண்ணெயில் 20 விழுக்காட்டுக்குள். நல்லெண்ணெயில் சுமார் 14, சூரியகாந்தியில் சுமார் 11, கனோலாவில் 7. தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை உயர்த்துவதால் அதைத் தவிர்க்கும்படி அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் வெளியிட்ட ஆலோசனையில் சொன்னது. அப்படியென்றால், ஸ்டென்ட் வைத்த ஒருவர் பாக்கெட் எண்ணெயிலிருந்து செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு மாறி, கூடவே மாத்திரையையும் நிறுத்தினால், இரண்டு பக்கமும் அடி அவருக்குத்தான்.

கிள்ளான் அம்மா இரண்டு வாரம் கழித்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். மருத்துவர் இரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு நன்றாகத் திட்டினாராம். மாத்திரை மறுபடி தொடங்கிவிட்டதாம். அந்தத் தேங்காய் எண்ணெய் இப்போது தலைக்குத் தேய்க்கப் பயன்படுகிறதாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். முறையாகச் சுத்திகரிக்கும்போது அது நீங்கிவிடும். செக்கில் ஆட்டும்போது நீங்காது. எனவே செக்கு எண்ணெய் வாங்குவதென்றால் கடலையைப் பார்த்து வாங்கும், பேர்பெற்ற இடமாகப் பார்த்து வாங்குங்கள். 'இயற்கை' என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் ஆகாது. அதேபோல், 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போத்தலில் பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படியாக இருப்பதில்லை.

திறன்பேசியில் ஆங்கிலக் காணொளி பார்க்கும் இளையோருக்கு வேறொரு பயம். 'விதை எண்ணெய்கள் உடலில் அழற்சியை உண்டாக்கும்' என்பது. அமெரிக்க சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியரே அந்த எண்ணெய்களைப் பழித்து, மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதே மேல் என்று பேசியதால் அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் மனிதர்களிடம் நடத்திய ஆய்வுகளில் அந்த எண்ணெய்களில் உள்ள லினோலெயிக் அமிலம் அழற்சியைக் கூட்டியதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும் நிறைகொழுப்பை ஒருநாள் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் வைத்து, அதற்குப் பதில் தாவர எண்ணெய்களில் உள்ள நிறைவுறாக் கொழுப்பையோ முழுத் தானியம், காய்கறி, பருப்பு வகைகளையோ சேர்த்துக்கொள்ளத்தான் சொல்கிறது.

சட்டியில் நடப்பது

இனி நம் அடுப்படிக்கு வருவோம். என் பார்வையில் நம் குடும்பங்களுக்கு அருகில் இருக்கும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயை என்ன செய்கிறோம்? வடிகட்டிப் போத்தலில் ஊற்றி வைக்கிறோம். அடுத்த வாரம் அப்பளம் பொரிக்கிறோம். பிறகு மீன். கறுத்துப்போனதும் கொஞ்சம் புது எண்ணெயை அதன்மேல் ஊற்றுகிறோம். கடைசியில் மிஞ்சுவதைச் சம்பலுக்குப் போட்டு முடிக்கிறோம். 'எண்ணெயை வீணாக்கக்கூடாது' என்பது நம் பெரியவர்கள் கஷ்ட காலத்தில் கற்ற பாடம். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் ஒவ்வொரு முறை சூடேறும்போதும் காற்றும் உணவின் ஈரமும் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கின்றன. பிசுபிசுப்பு, நுரை, கரிய நிறம், கண்ணை எரிக்கும் புகை எல்லாம் அந்தச் சிதைவின் அடையாளங்கள். பழைய எண்ணெயில் புதியதைக் கலந்தால் புதியதும் சீக்கிரம் கெடும்.

இதை நம் ஊரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பலமுறை சூடாக்கிய எண்ணெய் கலந்த தீனியைக் கொடுத்தபோது எலிகளின் இரத்த அழுத்தம் உயர்வதைக் கண்டார்கள். எலிக்கு நடந்தது அப்படியே மனிதனுக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். கோலாலம்பூர் இரவுச் சந்தைகளில் 100 உணவு வணிகர்களிடம் நடத்தி 2012இல் வெளியான இன்னோர் ஆய்வு எனக்கு மேலும் சுவாரசியமாகப் பட்டது. எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது நல்லதல்ல என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்தது. அப்படிப் பயன்படுத்துவதாக ஒப்புக்கொண்டவர்களும் பெரும்பாலோர்தான். குறை அறிவில் இல்லை. பழக்கத்திலும் செலவுக் கணக்கிலும் இருக்கிறது.

இந்தியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. சூட்டில் சிதைந்த பொருள்களின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்தது. அடுத்த மாதமே, உணவகங்களின் பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தையும் தொடங்கினார்கள். பழைய எண்ணெய்க்குப் போக ஓர் இடம் இருந்தால் அது சட்டிக்குத் திரும்பாது என்பதுதான் அதன் கணக்கு.

அந்தக் கணக்கு இங்கேயும் செல்லும். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் அடிக்கடி வடை வாங்கும் அக்காவிடம் எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். கோபித்துக்கொள்வாரோ என்று கொஞ்சம் பயம்தான்.

"காலையில ஊத்துறது அன்னைக்கோட சரி தம்பி. மறுநாளைக்கு வச்சா வடை நிறமே காட்டிக் குடுத்துரும்" என்றார். பிறகு மேசைக்கு அடியில் இருந்த டின்னைக் காலால் தட்டிக் காட்டினார். "இத வாங்க ஆள் வருவாங்க. காசு குடுத்தே எடுத்துக்குவாங்க."

வடை வாங்கப்போன எனக்கு அது ஒரு பாடம். மறுசுழற்சிக்காகப் பழைய எண்ணெய் வாங்குபவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் இருக்கிறார்கள். தாமான் குடியிருப்பாளர் சங்கங்கள் சேர்ந்து ஒரு டின் வைத்தால், கால்வாயும் அடைக்காது, சம்பலும் சுத்தமாகும்.

50 நாள் கணக்கு

எந்த எண்ணெய் என்ற சண்டையில் நாம் மறந்துவிடுவது, எவ்வளவு எண்ணெய் என்பதை. செக்கு எண்ணெயோ பாக்கெட் எண்ணெயோ, 1 கிராமில் 9 கலோரி. அதில் ஏழை, பணக்காரன் வித்தியாசம் கிடையாது.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம். 54.4 விழுக்காட்டினர் அதிக எடை கொண்டவர்கள் அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். நீரிழிவு இந்திய வம்சாவளியினரிடம் அதிகம் என்பதை இத்தகைய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நாற்பதைத் தொடுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன யாராவது ஒருவரை நம் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அதனால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்துக் கழகம், உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிராம் எண்ணெய், நெய் போதும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். 5 கிலோ போத்தல் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் தீர்ந்துவிடுகிறதா? அப்படியானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல், ஏறத்தாழ 375 கலோரி. வெளியே சாப்பிட்ட ரொட்டி சானாயும் கோரேங் பீசாங்கும் இதில் சேரவில்லை.

போத்தலைத் திறக்கும் நாளன்று அதன்மேல் தேதியை எழுதி வைத்தால் போதும். செலவில்லாத பரிசோதனை இது.

2.50 ரிங்கிட் அறம்

அரசு உதவித்தொகையில் கிடைக்கும் 1 கிலோ பாக்கெட் எண்ணெயின் விலை 2 ரிங்கிட் 50 சென். அந்த உதவித்தொகை பாக்கெட்டுக்கு மட்டும்தான். செக்கு எண்ணெய் அலமாரியில் 25 ரிங்கிட்டுக்குக் குறைந்த போத்தல் எதுவும் என் கண்ணில் படவில்லை. பத்து மடங்கு! நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுக்குமாடி வீட்டில் வாழும் ஒரு தாயிடம் 'நீங்கள் பிள்ளைகளுக்கு விஷம் கொடுக்கிறீர்கள்' என்று ஒரு குரல் பதிவு சொன்னால், அந்தத் தாய் என்ன செய்வார்? ஒன்று, வாங்க முடியாததை வாங்கிக் காய்கறியில் கைவைப்பார். இல்லையென்றால், குற்ற உணர்ச்சியோடு சமைப்பார். இரண்டும் அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதல்ல.

அந்தத் தாய்க்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பொரிப்பதற்கு உங்கள் பாக்கெட் எண்ணெய் மோசமான தேர்வு அல்ல. சூட்டில் அது சூரியகாந்தி எண்ணெயைவிடத் தாக்குப்பிடிக்கும். பொரிப்பதை மட்டும் வாரத்துக்கு ஒருநாளாகக் குறையுங்கள். புகை வரும்வரை காய விடாதீர்கள். ஒருமுறை பொரித்ததை வடிகட்டி, மூடி, வெளிச்சம் படாமல் வைத்து, ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தி முடியுங்கள். கறுத்தால், நுரைத்தால், வாடை அடித்தால் டின்னுக்குப் போகட்டும். முடிகிற மாதத்தில் தாளிப்புக்கு ஒரு சிறிய போத்தல் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வாங்கிக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டில் பாதி காய்கறி, பழம் இருக்கட்டும்.

இதயக் கோளாறோ கொலஸ்ட்ராலோ ஏற்கெனவே உள்ளவர்கள் நிறைகொழுப்பு குறைந்த எண்ணெய்க்கு மாறுவது நல்லது. ஆனால் மாத்திரையோடு சேர்த்துத்தான். மாத்திரைக்குப் பதிலாக அல்ல. நாற்பது வயதைத் தாண்டிய குறைந்த வருமானக் குடும்பத்தினருக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. சொக்சோ சந்தாதாரர்களுக்கும் நாற்பதைத் தொட்டவுடன் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. உங்கள் அப்பாவையோ அத்தையையோ ஒரு சனிக்கிழமை காலை அழைத்துப் போங்கள். அவர்கள் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பதை யாரோ ஒருவரின் குரல் பதிவு சொல்லாது. ஒரு சொட்டு இரத்தம் சொல்லிவிடும்.